கம்பி கட்டிய வாய்

எங்கள் வீட்டில் இருந்த அலுமினியக் கோப்பைகளில் நெளியாதது ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் நெளித்தவன் நான். கறியில் உப்புக் கூடினால் சாப்பாட்டோடு கோப்பையை எறிவேன். சோறு குழைந்தாலும் எறிவேன். வெயிலில் உழுதுவிட்டு வரும்போது சாப்பாடு ஆறிப்போயிருந்தால் அதற்கும் எறிவேன். கலியாணமான இரண்டாம் வருடம் அப்படி எறிந்த கோப்பையின் விளிம்பு என் மனைவியின் இடது புருவத்தை வெட்டியது. மூன்று தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அதன் பிறகும் நான் நிறுத்தவில்லை. அவளைப் பார்த்து எறியாமல் சுவரைப் பார்த்து எறிந்தேன், அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. துணுக்காய்ப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் வயல் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்த அப்பா காடு வெட்டி எடுத்த காணி அது. அதைச் செய்துகொண்டு, பழைய ட்ராக்டர் ஒன்றில் ஊராருக்கும் உழுது கொடுத்தேன். என்னோடு வேலைக்கு ஒருவன் வந்தான். மலைநாட்டுத் தோட்டமொன்றில் பிறந்தவன். எழுபத்தேழுக் கலவரத்தில் அவர்கள் குடியிருந்த லயத்தைக் கொளுத்தியபோது, மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு லொறியேறி வன்னிக்கு வந்துவிட்டான். அவனுக்கும் என் வயதுதான். ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

வீடு எரிந்த கதையை ஒரே ஒரு தடவைதான் சொன்னான். "ஓடியாரப்ப அடுப்புல சோறு கொதிச்சிக்கிட்டு இருந்துச்சண்ணே. வழியெல்லாம் அதத்தான் நெனைச்சேன். வீட்ட நெனைக்கல."

நான் வயலில் வைத்தும் சாப்பாட்டை எறிவதுண்டு. ஒரு நாள் மீன்கறி கெட்டு மணக்கிறது என்று பார்சலை வரம்பில் வீசினேன். அவன் போய் எடுத்து, எறும்பைத் தட்டிவிட்டு, குந்தியிருந்து முழுவதையும் சாப்பிட்டான். "கறி நல்லாத்தானே இருக்கு" என்றான். நான் சிரித்தேன். அவனுடைய வறுமைக்குச் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகொரு நாள் காலையில் பெரிய றோட்டுப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். வயலில் ஈரம் சரியாக இருந்தது, அதை விட்டுப்போக மனமில்லை. உழுது முடித்துவிட்டு வாய்க்கால் றோட்டால் வந்துகொண்டிருந்தோம். நான் ஓட்டினேன். அவன் பின்னால் பூட்டிய பெட்டியில் இருந்து, காலையில் கட்டிக்கொண்டு வந்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். திருப்பத்தில் வாய்க்கால் கட்டுக்குப் பின்னாலிருந்து சிப்பாய்கள் எழும்பினார்கள். ஆறேழு பேர்.

ஒருவன் என் இடுப்பில் கட்டிய சாரத்தைப் பிடித்து இழுத்து இறக்கினான். சிங்களத்தில் ஏதோ கேட்டான். எனக்குச் சந்தைச் சிங்களம்தான் தெரியும். விளங்கிக்கொண்டு பதில் சொல்வதற்குள் துவக்குப் பிடியால் முகத்தில் இடித்தான். நோவுக்கு முதல் சத்தம் கேட்டது. காய்ந்த பாலை விறகு முறிகிற சத்தம். பிறகு நான் நிலத்தில் கிடந்தேன். நாக்கின்மேல் பற்கள் கிடந்தன. வாயை மூடப் பார்த்தேன், மூடவில்லை. கீழ்த்தாடை எனக்குச் சொந்தமில்லாத ஏதோவொன்றைப்போலத் தொங்கியது. விலாவிலும் முதுகிலும் சப்பாத்தால் உதைத்தார்கள்.

அவன் பெட்டியிலிருந்து இறங்கி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு கையில் இன்னும் சோறு ஒட்டியிருந்தது. தோட்டத்தில் பழகிய சிங்களம் அவனுக்கு நன்றாக வரும். இது உழவு ட்ராக்டர், இவர் வயல் செய்கிற கமக்காரர், ஒரு சின்னப் பெண்பிள்ளை இருக்கிறது என்று சொன்னான். அவ்வளவும் எனக்கு விளங்கியது. ஒரு சிப்பாய், இவ்வளவு நல்ல சிங்களம் எங்கே படித்தாய் என்று கேட்டான். அவன் தன் வீட்டை எரித்துத் தன்னைத் துரத்திய ஊரின் பேரைச் சொன்னான். இரண்டு பேர் சிரித்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டது, விட்டுவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது பக்கத்தில் நின்ற, அதுவரை ஒன்றும் பேசாத ஒருவன் அவனுடைய வயிற்றில் சுட்டான். ஏன் சுட்டான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ட்ராக்டரின் ரயர்களுக்கும் சுட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அவன் உடனே சாகவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தான். வயிற்றை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு தண்ணீர் கேட்டான். வாய்க்கால் பத்தடியில் ஓடியது. நான் தவழ்ந்து போய், சாரத்தின் நுனியை நனைத்துக்கொண்டு வந்து அவனுடைய வாயில் பிழிந்தேன். திரும்பவும் கேட்டான். திரும்பவும் போனேன். எத்தனை தரம் என்று நினைவில்லை. நடுவில், வயல்களுக்கு அப்பால் ஒருவர் சைக்கிளில் போவது தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். என் வாயிலிருந்து இரத்தமும் காற்றும் மட்டுமே வந்தன. கையை ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை. சைக்கிள் மரங்களுக்குள் மறைந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு விறகு வண்டில் ஒன்று வந்தது. அவன் அதற்குச் சற்று முன்னர்தான் போயிருந்தான்.

வவுனியா ஆஸ்பத்திரியில் என் தாடையைப் பொருத்தி, மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டினார்கள். ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, வாய் திறக்கக்கூடாது. வீட்டுக்கு வெளிக்கிடும்போது டொக்டர் என் மனைவியிடம் கம்பி வெட்டுகிற சின்னக் குறடு ஒன்றைக் கொடுத்தார்.

"இதை எந்த நேரமும் கையோட வைச்சிருங்கோ, அம்மா. இவருக்கு வயிறு குமட்டிச் சத்தி வந்தால் வெளியில வர வழியில்லை. மூச்சு அடைச்சுப்போடும். யோசிக்காமல் முன்னால நிக்கிற நாலு கம்பியையும் வெட்டிப்போட வேணும்."

அவள் அதை வாங்கிச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

கடைவாய்ப் பல் போன இடத்தில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. பப்பாசி இலைத் தண்டை அந்த ஓட்டைக்குள் விட்டுக் கஞ்சி உறிஞ்சினேன். ஒரு கோப்பை கஞ்சி குடிக்க முக்கால் மணித்தியாலம் போகும். கொட்டாவி வந்தால் காதுவரை கிழியும். துப்ப முடியாது. மகள் பக்கத்தில் இருந்து முறுக்குக் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். அவள் எழும்பிப் போனால் எரிச்சல் வரும். ஒரு முழுச் சோற்றுப் பருக்கை பல்லுக்கு நடுவில் நசிவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். முப்பத்துமூன்று வருடம் தினமும் செய்தது. ஆனால் அது எப்படி இருந்தது என்று மனதில் வரவில்லை.

முதல் நாள் கஞ்சியை என் முன்னால் வைத்துவிட்டு என் மனைவி சொன்னாள், "எறியிறதெண்டால் எறியுங்கோ. கஞ்சிதானே, வழிச்செடுக்கலாம்."

அவள் அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. இரண்டாம் கிழமை ஒரு நாள் கஞ்சி அடிப்பிடித்திருந்தது. கோபத்தில் கையை ஓங்கினேன். அவள் விலகவில்லை. தலைப்பை அவிழ்த்து, குறடை எடுத்துப் பாயில் என் முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள். அன்று முழுவதும் நான் அந்தக் குறடைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்குச் சத்தி வந்தால் இவள் வெட்டுவாளா என்று யோசித்தேன். வெட்டாமல் விட்டாலும் ஒருவரும் அவளைக் குற்றம் சொல்லப் போவதில்லை. பின்னேரம் வந்து அதை எடுத்துத் திரும்பவும் முடிந்துகொண்டாள்.

செத்துப்போனவனின் எட்டாம் நாள் சடங்கு முடிந்து சில நாளில் அவனுடைய மனைவி வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னோம். கீழேதான் இருந்தாள்.

"அண்ணே, கடைசியா பக்கத்துல இருந்தது நீங்கதான். எப்படிப் போனாருன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் மகளுடைய கொப்பியை எடுத்து எழுதினேன். அவன் எனக்காகக் கதைக்க வந்ததை எழுதினேன். ஒரு மணித்தியாலம் உயிரோடு கிடந்ததையும், தண்ணீர் கேட்டதையும், சைக்கிளில் போனவரைக் கூப்பிட முடியாமல் போனதையும் எழுதினேன். கொப்பியை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் கடைசி வரிவரை கண்ணால் வாசித்தாள். பிறகு அந்தப் பக்கத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

"வெடி பட்ட உடனையே போயிட்டாராம், பிள்ளை. நோ தெரிஞ்சிராதாம்."

"சரிங்கக்கா" என்றாள் அவள். எழும்பிப் போனாள்.

நான் கொப்பியைப் பறித்து 'ஏன்?' என்று எழுதினேன்.

"நீங்கள் எழுதினதை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்யிறது? மூண்டு பிள்ளையளோட" என்றாள் மனைவி. தாளைக் கிழித்து அடுப்பில் வைத்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அந்தப் பொய்க்குள் எனக்கும் ஒரு ஆறுதல் இருந்தது. கூப்பிட முடியாமல் போன என்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நாலாம் கிழமை எங்கள் ஊருக்கு இராணுவச் சுற்றிவளைப்பு வந்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில் ஹெலிகொப்டர் வந்து றோட்டோரமாகச் சுட்டது. பக்கத்து வளவில் பால் கறந்துகொண்டு நின்ற மனிதர் மாட்டோடு சேர்ந்து விழுந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் பின்னால் இருந்த காட்டுக்குள் ஓடினோம். ஊரே ஓடியது. அவனுடைய மனைவியும் மூன்று பிள்ளைகளோடு எங்களுக்குப் பக்கத்தில் ஓடிவந்தாள். பின்னால் வீடுகள் எரிகிற புகை மேலே எழும்பியது. நண்பகல் வரை முட்பற்றைக்குள் கிடந்தோம். தாகம் தாங்காமல் ஒரு மடுவில் கிடந்த தண்ணீரை உறிஞ்சினேன். எருமை படுத்த தண்ணீர்.

கொஞ்ச நேரத்தில் வயிறு புரட்டியது. முதல் குமட்டலிலேயே மூக்கால் வந்தது. வாய் நிறைந்தது. மூடிய பல்லுக்குப் பின்னால் எல்லாம் வந்து நின்று தொண்டையை அடைத்தது. மூச்சு எடுக்க முடியவில்லை. நிலத்தைப் பிறாண்டினேன். கண் இருண்டு வந்தபோது என் மனைவியின் முகம் மேலே தெரிந்தது.

"தலையைப் பிடி" என்று யாருக்கோ சொன்னாள். அவனுடைய மனைவி என் தலையை மடியில் இறுக்கிப் பிடித்தாள். குறடு பல்லில் முட்டியது. ஒரு கம்பி அறுந்தது. இரண்டு. மூன்றாவதை வெட்டும்போது உதட்டையும் சேர்த்து வெட்டினாள். அவளுடைய கையெல்லாம் என் இரத்தம். நாலாவது அறுந்ததும் என்னைப் பக்கவாட்டில் புரட்டி, விரலை வாய்க்குள் விட்டு எல்லாவற்றையும் தோண்டி எடுத்தாள். மூச்சு வந்தது. காட்டு மணத்தோடு, புகை மணத்தோடு வந்தது. இழுத்து இழுத்து எடுத்தேன். அவள் என் முதுகைத் தடவவில்லை. குறடைச் சீலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஆறிப் படுத்திருந்தபோது என் தலை இன்னும் மற்றவளின் மடியில்தான் இருந்தது. அவள் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, இப்ப பேச முடியுமா?"

தலையாட்டினேன்.

"அவர கழுவுனது நான்தான். உடனே போன ஒடம்பு இல்லன்னு எனக்குத் தெரியும். அக்கா மேல கோவம் இல்ல." இன்னும் குனிந்தாள். "பல்லு எடையில நீல நூலு மாட்டியிருந்துச்சு. உங்க சாரத்து நூலு மாதிரி. தண்ணி குடுத்தீங்களா?"

என் மனைவி துடைப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"ஓம்" என்றேன். ஒரு மாதத்துக்குப் பிறகு வாயிலிருந்து வந்த முதல் சொல். அது சொல்லாக வந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"குடிச்சாரா?"

"குடிச்சவன்."

அவள் அழுதாள். பிள்ளைகளுக்குக் கேட்காமல், சீலையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு மற்றதையும் சொன்னேன். எனக்காக வந்து கதைத்ததை, சைக்கிளை, கூப்பிட முடியாமல் போனதை. ஒவ்வொரு சொல்லுக்கும் தாடை பிரிந்து பிரிந்து சேர்ந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டாள். சைக்கிளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அவரு அப்படித்தான். யாருக்காவது பேசப் போயிருவாரு" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பவும் கம்பி கட்ட ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதை திறக்கவில்லை. துணியால் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கிடந்தேன். தாடை கோணலாகத்தான் பொருந்தியது. இடது பக்கத்தால் இன்றும் கடிக்க முடியாது.

எரியாமல் மிஞ்சிய பாதி வீட்டுக்குத் திரும்பிய பிறகு, முதன்முதலாக என் மனைவி குழையக் காய்ச்சிய சோறு தந்தாள். பருப்பும் கொஞ்சம் உப்பும். வலது பக்கத்தில் வைத்து மெல்ல மெல்லச் சப்பினேன். பருக்கை நசிந்தது. கண்ணால் நீர் ஓடியது, நோவாலும்தான். நான் முடிக்க நேரம் எடுக்கும் என்று கண்டு, அவளும் போட்டுக்கொண்டு வந்து எதிரில் இருந்து சாப்பிட்டாள். அதுவரை நான் சாப்பிட்டு எழும்பும்வரை குசினி வாசலில் நிற்பவள்.

திருந்திவிட்டேன் என்று எழுதினால் பொய். கோபம் எங்கேயும் போகவில்லை. பிறகும் அவளைத் தூசணத்தால் ஏசியிருக்கிறேன், கதவை உதைத்து உடைத்திருக்கிறேன். சாப்பாட்டை மட்டும் எறியவில்லை. அவளுடைய புருவத்து வெட்டைப் பற்றி ஒரு நாள் மன்னிப்புக் கேட்டேன். "இப்பதான் ஞாபகம் வந்ததோ" என்று கேட்டுவிட்டு அரிசி புடைக்கத் தொடங்கினாள்.

அறுவடை முடிந்ததும் அவனுடைய மனைவி பிள்ளைகளோடு நெடுங்கேணியில் இருந்த தன் தமையனிடம் போக வெளிக்கிட்டாள். ரயர் மாற்றிய ட்ராக்டரில் கொண்டுபோய் விட்டேன். சாமான் என்று இரண்டு மூட்டையும் ஒரு கோழியும்தான். என் மனைவியும் கூட வந்தாள். வழியெல்லாம் இரண்டு பேரும் பெட்டியில் இருந்து எதையோ கதைத்துக்கொண்டே வந்தார்கள். மெசின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சக் காலத்தில் அந்தப் பக்கமும் சனம் ஊரைவிட்டு எழும்பியது என்று கேள்விப்பட்டோம். அவர்கள் எங்கே போனார்கள் என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.