கவிழ்ந்து வந்த வள்ளம்

குருநகரில் எல்லாரும் சியாமாசெட்டி என்று சொன்ன அந்தச் சின்ன விமானம், விமானப்படையில் சேருகிறவர்களுக்கு ஓட்டப் பழக்குவதற்கென்றே செய்யப்பட்டது என்று பெரியப்பா சொல்லியிருந்தார். மூக்கில் ஒரு காற்றாடி. உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கைகள், படிப்பிக்கிறவருக்கு ஒன்று, படிக்கிறவருக்கு ஒன்று. ஆனால் செட்டைகளுக்குக் கீழே துவக்கும் பூட்டியிருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் யார் பிழை விட்டாலும் அடி எங்களுக்குத்தான் விழுந்தது. சண்டைக் காலம் அது. எனக்கு அப்போது எட்டு வயது.

அன்று காலை அப்பாவும் மாமாவும் வள்ளத்தில் வலை இழுக்கப் போயிருந்தார்கள். எங்கள் பக்கம் பரவைக்கடல். கரையிலிருந்து வெகுதூரத்துக்கு நெஞ்சளவுத் தண்ணீர்தான். வெயில் ஏறும் நேரத்தில் சியாமாசெட்டி வந்தது. இரண்டு தரம் சுற்றியது. பிறகு தலைகுத்தி இறங்கிச் சுட்டது. வள்ளத்தைச் சுற்றித் தண்ணீர் வெள்ளையாய் எழும்பியது. அது அடங்கியபோது வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. ஆட்களைக் காணவில்லை. விமானம் இன்னொரு தரம் தாழப் பறந்து பார்த்துவிட்டுப் பலாலி விமானத்தளப் பக்கம் போய்விட்டது.

மாமி மணலில் விழுந்து, "என்ரை மாதாவே!" என்று நெஞ்சில் அடித்துக் குழறினார். கரை முழுக்க அழுகை. அம்மா மட்டும் அழவில்லை. கண்ணுக்கு மேலே கையை வைத்துக் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காத்து எங்கையிருந்து அடிக்குது?" என்று கேட்டார்.

"கரையிலையிருந்துதான்" என்றார் பெரியப்பா.

"அப்ப வள்ளம் என்னெண்டு இஞ்சாலை வருது?"

அழுகை அப்படியே நின்றது. ஓம், வள்ளம் வந்துகொண்டிருந்தது. காற்றுக்கு எதிராக, பெரிய ஆமை ஒன்றைப் போல, மெதுமெதுவாக. பெண்கள் சேலையோடு தண்ணீருக்குள் ஓடினார்கள். கிட்டப் போனதும் வள்ளத்தின் அடியிலிருந்து மாமாவின் குரல் கேட்டது:

"கத்தாதையுங்கோ! அவன் திரும்பி வந்திடுவான்!"

அதைக் கேட்டதும் எல்லாரும் இன்னும் பலமாகக் கத்தினார்கள். வள்ளத்தை நிமிர்த்தியபோது இரண்டு தலைகள் தெரிந்தன. ஒரு கீறல் இல்லை. கரையில் நின்ற பெடியள் அப்பாவையும் மாமாவையும் தோளில் தூக்கிக்கொண்டு, தேர் இழுப்பதுபோல ஆரவாரத்தோடு கரைக்கு வந்தார்கள். மாமி அழுதுகொண்டே சிரித்தார்.

"அவன் இறங்கேக்கையே நாங்கள் வள்ளத்தைக் கவிட்டுப்போட்டு உள்ளை பூந்திட்டம். பிறகு அப்பிடியே நிலத்திலை காலை ஊண்டித் தள்ளிக்கொண்டு வந்தம்" என்று அப்பா தோளின் மேலிருந்து கைகளை வீசினார். "ரெண்டு பேரும் செத்திட்டம் எண்டு சொல்லி உந்தப் பைலட் இண்டைக்குச் சோதினை பாஸ் பண்ணியிருப்பார்!"

கரை அதிரச் சிரித்தது. அப்பாவை இறக்கிவிட்டார்கள். அம்மா கிட்ட வந்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சோத்துச் சட்டி எங்கை?"

"அது... கடலோடை போயிட்டுது."

"புதுச் சட்டியெல்லோ! உங்களை நம்பித் தந்தன்!" என்ற அம்மா, அதுவரை அழாதவர், அப்பாவின் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழத் தொடங்கினார். இவ்வளவு சந்தோசமான நாளில், ஓர் அலுமினியச் சட்டிக்காக ஒருவர் இப்படி அழுவாரா என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய், குசினியில் இருந்த மற்றச் சட்டியைத் தூக்கிவந்து அவரிடம் நீட்டினேன்.

"அழாதேங்கோ அம்மா, எங்களிட்டை இன்னொண்டு இருக்கு."

அம்மா என்னையும் சட்டியையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு இன்னும் பலமாக அழுதார்.