தூள் படாதவர்கள்

தொண்ணூறுகளில், ஊதுபத்தித் தூளால் நுரையீரல் கெடுகிறதா என்று மைசூரில் எங்கள் குழு ஆராய்ந்தது. தூள் படுபவர்கள், படாதவர்கள் என்று ஆட்களை இரண்டு பக்கமாகப் பிரித்து, யாருக்கு இருமல் அதிகம் என்று பார்க்க வேண்டும். தலைமை டாக்டர் ஜீப்பை விட்டு இறங்கவே மாட்டார். மூக்கில் எப்போதும் சென்ட் போட்ட கைக்குட்டை.

“சார், இந்தத் தெருவுல பொம்பளைங்க வீட்டுலயே பத்தி உருட்டறாங்க. இவங்களை எந்தப் பக்கம் சேர்க்கறது?” என்று கேட்டேன்.

“ஃபேக்டரிக்குப் போகலைல்ல? தூள் படாதவங்கன்னு போடுப்பா. அடுப்படியில உட்கார்ந்து உருட்டறதெல்லாம் ஒரு வேலையா?”

அப்படியே போட்டேன். இருமல் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தது. ஆகவே தூளால் தீங்கில்லை என்று அந்த மேதை அறிவித்தார். தூள் கெடுதல் என்று தெரிந்தால் ஃபேக்டரி முதலாளி வைப்பதாகச் சொல்லியிருந்த எக்ஸாஸ்ட் ஃபேன்கள் வரவே இல்லை.

அவர் முட்டாளா, அயோக்கியரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் தெரிந்தேதான் போட்டேன். என்னைப் பற்றி அந்தச் சந்தேகம்கூட இல்லை.