குடிக்காத தள்ளாட்டம்

ராசாங்கம் குடியை விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. குன்னத்தில் வெங்காய மூட்டை ஏற்றும் லோடுமேன்களில், கூலியை முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் என்று பேர் வாங்கியிருந்தார். அந்தப் பேர் ஒரு ஆபரேஷனோடு போய்விட்டது.

வலது காதுக்கு உள்ளே நரம்பில் கட்டி. திருச்சியில் எடுத்தார்கள். கட்டியோடு அந்தக் காது கேட்பதும் போனது, நடையின் நிதானமும் போனது. "தள்ளாட்டம் போகப்போகக் கொறையும். படுத்தே கெடக்காதீங்க, கால்ல ரத்தம் உறைஞ்சுடும். நடங்க" என்று சொல்லித்தான் நர்ஸ் அனுப்பினார்.

நடந்தார். டீக்கடை வாசலில் மருமகன் முறையான பிரேம்குமார் உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாமா, காலையிலயேவா?"

ராசாங்கம் காதைக் காட்டி ஆபரேஷனைச் சொன்னார்.

"ஓ, இப்ப காதுல ஊத்திக்கிறீங்களா?"

கடையே சிரித்தது. வீடு திரும்பியதும் மனைவி வேம்பு, தோள் துண்டை வாங்குவதுபோல் கிட்டே வந்து, அவர் வாயருகே மூச்சை இழுத்துப் பார்த்தாள். டீக்கடைச் சிரிப்பைத் தாங்கியவரை அதுதான் படுக்க வைத்தது.

குடிக்கவில்லை என்பதை ஒருவன் எதைக்கொண்டு நிரூபிப்பான்? குடித்த காலத்திலும் அவர் இதே வாயால் இதையேதான் சொல்லியிருக்கிறார்.

பிறகு கட்டிலை விட்டு இறங்குவது கழிப்பறைக்கு மட்டும் என்றானது. இடது கெண்டைக்கால் வீங்கியது. படுத்தே கிடப்பதால் வந்த வீக்கம் என்று விட்டுவிட்டார். ஒரு மத்தியானம் நெஞ்சு பிடித்து, மூச்சு வாங்கியது. வேம்பு ஆட்டோ பிடித்துப் பெரம்பலூருக்குக் கொண்டுபோனாள். காலில் உறைந்த ரத்தத்தில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கிறது என்றார் டாக்டர்.

ஆபத்து நீங்கியபின் டாக்டர் கேட்டார்: "உங்கள நடக்கச் சொல்லலையா?"

"சொன்னாங்க."

"அப்புறம் ஏன் நடக்கல?"

வேம்புதான் பதில் சொன்னாள். "நான் மோந்து பாத்தேன் சார். அதான்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதி, தினமும் நடந்தே ஆக வேண்டும் என்றார்.

வீடு வந்தபின் வேம்பு செருப்பை மாட்டினாள். "நானும் கூட வரேன்."

"நீ புடிச்சுக்கிட்டு வந்தா, நெறைய ஊத்துனவன் மாதிரி இருக்கும். நீ இரு."

தனியாகத்தான் போனார். பஸ் நிறுத்தத்தில் கைப்பிள்ளையோடு நின்ற யாரோ ஒரு பெண், அவர் வருவதைப் பார்த்ததும் பிள்ளையை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். காதைக் காட்டக் கை எழுந்தது. நின்று விளக்கினால் நடை நின்றுவிடும். கையை இறக்கிக்கொண்டார். அதைத் துணிச்சல் என்று சொல்வதற்கில்லை, சலித்துப்போயிருந்தது. சாலையோரமாக, ஒரு பக்கம் சாய்ந்து, நடந்துகொண்டிருந்தார்.