பெட்டிக்குத் தைத்த உறை

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுகிறேன். தெருவே அவளை உறையக்கா என்று கூப்பிடுகிறது. தொழில் தையல். ஆனால் அவள் சட்டை தைத்துப் பேர் வாங்கியதைவிட உறை தைத்து வாங்கிய பேர்தான் பெரிது.

அண்ணி குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அமிலத் தொழிற்சாலை. தொழிற்சாலைப் புகைபோக்கிகள் எங்கள் மொட்டைமாடியை எட்டிப் பார்த்தபடியே நிற்கும். காற்று இந்தப் பக்கம் திரும்பியதோ இல்லையோ, அழுகிய முட்டை நாற்றம் வீட்டுக்குள் வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். கூடவே மஞ்சளாக ஒரு தூசி. அது பட்டால் பாத்திரம் கறுக்கும், கொடியில் காயும் துணியில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். அதனால் அண்ணி வெட்டுத்துணியைச் சேர்த்து டிவிக்கு உறை தைத்தாள். பிறகு தண்ணீர்க் குடத்துக்கு, ஃபேனுக்கு, சைக்கிளுக்கு. கடைசியில் சுவர்க் கடிகாரத்துக்கும் ஒன்று. மணி தெரிய வேண்டுமென்றால் எழுந்து போய்த் துணியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இந்தப் பைத்தியம் தெரு முழுக்கப் பரவியது. எதிர்வீட்டுக்காரர் தன் பொய்ப்பல் டம்ளருக்குக்கூட அளவு கொடுத்துத் தைத்து வாங்கிப் போனார்.

அண்ணியின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கடை கடையாக ஏறி இறங்கி, ஆசைப்பட்ட கிளிப்பச்சையில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கி வந்தார். அது வாசல்படி ஏறுவதற்குள் அண்ணி அளவு நாடாவோடு நின்றாள். அன்றைக்கு மூடியதுதான்.

"கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தா எனக்கும் தைச்சு மாட்டிடுவா. அதான் நான் டிரைவர் வேலையை விடாம வச்சிருக்கேன்" என்பார்.

இவ்வளவையும் மூடியவளால் மூட முடியாதது ஒன்று இருந்தது. அவள் மகளின் மூச்சு. அந்த வாண்டுக்கு இரைப்பு. அதிலும் கொடுமை, சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் நிற்காது, உதடு நீலம் பாய்ந்துவிடும். வாயைத் திறந்தால் கேலிதான் என்கிற எங்கள் குடும்பத்தில், அவள் எதிரில் மட்டும் எல்லோரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வோம். "இந்தக் காத்துல பிள்ளையை வச்சிருக்காதீங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, வாண்டு வெளியூரில் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். தினமும் போனில் முகம் பார்த்துக் கேட்பாள்.

"அம்மா, நாத்தம் போயிடுச்சா? நான் வரட்டுமா?"

"போயிடும்டி தங்கம்" என்று சொல்லிவிட்டு அண்ணி மெஷினில் போய் உட்கார்ந்து எதையாவது தைப்பாள்.

தெரு ஒன்றுகூடிக் கத்திய கத்தலில் ஒருவழியாக மாசு அளக்கும் அலுவலகம் அசைந்து கொடுத்தது. இளவயது அதிகாரியம்மா ஒருத்தி வந்து, எங்கள் மொட்டைமாடியில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்தினாள். காற்றை உறிஞ்சி, அதில் என்ன இருக்கிறதென்று அளந்து, தானாகவே அலுவலகத்துக்கு அனுப்பிவிடுமாம். அளவு மோசமாக இருந்தால் தொழிற்சாலை புகைபோக்கிக்கு வடிகட்டி போட்டே ஆக வேண்டும். போட்டால் வாண்டு வீட்டுக்கு வரலாம்.

"காஸ்ட்லியான மெஷின்க்கா. பத்திரமா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அண்ணியிடம் போய் இப்படிச் சொல்லலாமா? அன்று மாலையே பெட்டிக்கு உறை தயார். சாதாரண உறையா அது? இரட்டைத் துணி, கீழே எலாஸ்டிக், சுற்றிலும் சுருக்கு வைத்த கரை, நெற்றியில் நூலால் ஒரு பூ. தெருவே மாடியேறி வந்து பார்த்துப் பாராட்டியது. மகளைத் திருப்பிக் கொண்டுவரப் போகிற பெட்டி அல்லவா, அதன்மேல் ஒரு பொட்டுத் தூசி விழ விடுவாளா அண்ணி! அது தூசியை அளக்க வந்த பெட்டி என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. சத்தியமாக உறைக்கவில்லை.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. வட்டாரத்திலேயே தூய்மையான காற்று எங்கள் மொட்டைமாடியில்தானாம்.

தெருவில் ஒருவராலும் நம்ப முடியவில்லை. தொழிற்சாலை மேனேஜருக்கோ தலைகால் புரியவில்லை. வெள்ளைச் சட்டை மினுங்க, இரண்டு போட்டோக்காரர்களையும் அதிகாரியம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் மாடிக்கே வந்துவிட்டார், அந்தப் பெட்டியோடு படம் எடுத்துக்கொள்ள.

"பாத்தீங்களா, நம்ம ஏரியா காத்து எவ்ளோ சுத்தம்! சும்மா எங்க மேல பழி போடறாங்க" என்று போட்டோக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே ஏறியவர், மேலே வந்ததும் சுற்றுமுற்றும் தேடினார். "பெட்டி எங்கே?"

"அதோ சார்" என்று அண்ணி பணிவாகக் காட்டினாள்.

அதிகாரியம்மா உறையைப் பார்த்தாள். உறையில் இருந்த பூவைப் பார்த்தாள். "இது... யாரு போட்டது?"

"நான்தான் மேடம். நீங்கதானே பத்திரமா பாத்துக்கச் சொன்னீங்க. ஒரு தூசி உள்ள போகலை, வேணும்னா திறந்து பாருங்க!"

முதலில் சிரித்தது அதிகாரியம்மாதான். வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு போட்டோக்காரர்கள். பிறகு வேடிக்கை பார்க்க ஏறிவந்த தெருவுக்கும் எங்களுக்கும் விளங்கி, மாடியே குலுங்கச் சிரித்தோம். எதிர்வீட்டுக்காரருக்குப் பொய்ப்பல் கழன்று கையில் வந்துவிட்டது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஐயோ, என் பிள்ளை வர்ற வழியை நானே அடைச்சுட்டேனே" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் சிரிப்பு அத்தோடு சரி.

"வந்த முடிவு வந்ததுதான். அதை மாத்த முடியாது" என்றார் மேனேஜர் அவசரமாக.

அதிகாரியம்மா உறையைக் கழற்றினாள். உள்ளே பெட்டி பளபளவென்று இருந்தது. உறையின் மேல்துணியோ மஞ்சளும் கறுப்பும் அப்பி, சல்லடையாகி, கை பட்டதுமே பொடிந்து மேனேஜரின் வெள்ளைச் சட்டைமேல் கொட்டியது. அவர் தும்மினார். ஒன்றல்ல, அடுக்கடுக்காகத் தும்மினார். போட்டோக்காரர்கள் வந்த வேலையை ஒழுங்காகச் செய்தார்கள்.

உறையை அதிகாரியம்மா பரிசோதனைக்கு எடுத்துப் போனாள். பெட்டியை மறுபடி அளக்க விட்டாள். இந்த முறை அண்ணி பெட்டிக்குப் பக்கத்திலேயே மெஷினைப் போட்டுத் தைத்தாள். அதன்மேல் எங்கள் துணியின் நிழல்கூட விழக் கூடாது. நான் கைக்குட்டையோடு கிட்டே போனதற்கே "தள்ளிப் போடி!" என்று விரட்டினாள். வந்த அளவைப் பார்த்து அலுவலகமே மிரண்டுவிட்டதாம். முனகிக்கொண்டேதான் என்றாலும், தொழிற்சாலை பெரிய புகைபோக்கிக்கு வடிகட்டி போட்டது. சின்னதற்கு இன்னும் மல்லுக்கு நிற்கிறோம்.

மழை விட்ட சமயம் பார்த்து, "லீவுக்குக் கூட்டிட்டு வந்து பாருங்க" என்றார் டாக்டர்.

வாண்டு வருகிற அன்று, அண்ணி வீட்டில் இருந்த அத்தனை உறைகளையும் கழற்றி மூட்டை கட்டினாள். வாண்டு பையோடு உள்ளே வந்து, சமையலறை வாசலில் கண்ணை விரித்து நின்றாள்.

"ஐ, பச்சை ஃபிரிட்ஜ்! அப்பா, புதுசா?"

"ஆமாண்டி. நீ பிறக்கறதுக்கு முன்னாடி வாங்கின புதுசு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் டிரைவர்.

வாண்டு ஒரு கணம் முழித்தாள். பிறகு சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாங்கள் மூவரும் அசையாமல் நின்றோம். டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டார், அண்ணி என் கையை நசுக்கிவிட்டாள். இருமலுக்காகக் காத்திருந்தோம்.

வாண்டு சிரித்து முடித்தாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தாள்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரைவரின் தோளில் ஒரு இடி இடித்தாள்.

"நிக்கறீங்களே, இன்னொண்ணு சொல்லுங்க!"