அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு புது ரயர்

அந்த வெட்டு பெருவிரல் நகத்தின் அகலம்தான் இருக்கும். சைக்கிளின் பின் ரயரில், பக்கவாட்டில், கண்ணாடித் துண்டு கிழித்த இடத்தில் ரப்பர் வாய் திறந்து உள்ளே வெள்ளை நூல் தெரிந்தது. லண்டனில், டூட்டிங் பக்கம் நான் வேலை செய்த பலசரக்குக் கடையின் பின்முற்றத்துக்கு அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றார். வயதானவர்களின் வீடு வீடாகப் போய், குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுக்கும் வேலை அவருக்கு. என்னைப் போலவே நாற்பதைத் தாண்டியவர், தனி ஆள். இங்கே சைக்கிள் திருத்தத் தெரிந்த ஒருவன் இருக்கிறான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுச் சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன். வாயைவிடக் கை எனக்குச் சொன்னபடி கேட்கும்.

“ஒட்டினா ஓடுமோ, இல்லாட்டி மாத்தவேணுமோ?” என்று கேட்டார். “அடுத்த வீட்டில ஒரு கிழவி காலமைச் சாப்பாட்டுக்குப் பாத்துக்கொண்டிருக்கிறா.”

பக்கவாட்டில் வெட்டுப்பட்டால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. பழைய ரயரில் இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டி உள்ளே வைத்தால், ரியூப் வெளியே பிதுங்காது. ஊரில் ரயர் கிடைக்காத வருடங்களில் இப்படித்தான் ஓடினோம். அப்படியே செய்து கொடுத்து, “ஒரு கிழமைக்குத் தாங்கும். பிறகு வாங்கோ, மாத்துவம்” என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

அடுத்த நாளே அந்த அளவில் ஒரு புது ரயர் வாங்கி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன்.

சொன்ன நாளில் அவர் வந்தார். நான் பின் சில்லைக் கழற்ற, மரக்கறிப் பெட்டியொன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கதை சொன்னார். அவர் பார்க்கும் கிழவர் ஒருவர் பிரஷர் குளிசையை விழுங்குவதுபோல் நடித்துவிட்டுப் பூச்சாடிக்குள் துப்புவாராம். “பூச்சாடிக்குத்தான் இப்ப பிரஷர் குறைஞ்சிருக்கு” என்றார். நான் ரயரைப் பார்த்தபடி சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் என் கை அரிசி மூட்டைப் பக்கம் போகாமல் பழைய ரயர்த் துண்டின் பக்கம் போய்விட்டது. “இன்னும் ஒரு கிழமைக்கு ஓடும்” என்று சொன்னேன்.

கடையில் மீன் வெட்டும் அண்ணை கத்தியோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அந்தப் பெண் போனதும், “நல்ல வேலை செய்தாய் தம்பி” என்றார். “புது ரயரைப் போட்டிட்டா அந்தப் பிள்ளை இஞ்ச ஏன் வாறா? மீன் வாங்கவோ? அவ சைவம்.”

மூன்றாம் முறையும் துண்டுதான் வைத்தேன். நான்காம் முறை அவர் வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ரயரில் வெட்டுப்பட்ட இடம் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி நின்றது. இறக்கத்தில் பின் சில்லு வழுக்கியதாகவும், பக்கத்து மதிலில் கையை ஊன்றித் தப்பியதாகவும் சிரித்தபடி சொன்னார். ஹாண்டிலை என்னிடம் தந்தபோது அவருடைய உள்ளங்கையைக் கண்டேன். தோல் உராய்ந்து சிவந்திருந்தது. மூட்டைக்குப் பின்னால் கையை விட்டுப் புது ரயரை எடுத்து வந்தேன்.

“உடன எங்கால எடுத்தனீங்கள்?”

“முதல் கிழமையே வாங்கி வைச்சனான்.”

“பிறகேன் போடேல்லை?”

ஒன்றிரண்டு பொய் சொல்ல இடம் இருந்தது. அந்தக் கையைப் பார்த்த பிறகு முடியவில்லை. ரயரின் விளிம்பை றிம்முக்குள் அழுத்திக்கொண்டே, அவருக்கு முதுகைக் காட்டியபடி, “போட்டா நீங்கள் பிறகு வரமாட்டியள்” என்றேன். “பிழைதான். விழுந்திருப்பியள்.”

காற்றடித்து முடித்துத் திரும்பினேன். அவர் சைக்கிளை வாங்கிக்கொண்டு தூறலுக்குள் இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த கிழமை அதே நேரத்துக்கு முற்றத்தில் சைக்கிள் நின்றது. பின் ரயரை அழுத்திப் பார்த்தேன், கல்லுப்போல இருந்தது. முன் ரயரும் சரி. பிரேக், செயின் எல்லாம் சரி.

“என்ன பழுது?”

“ஒரு பழுதும் இல்லை” என்றார். “சும்மாதான் வந்தனான்.”

வாசலில் நின்ற அண்ணை, மீனுக்கு ஐஸ் போடவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனார். குனிந்து பார்க்க எனக்கு ஒரு ரயரும் இல்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதாயிற்று. என்ன பேசினேன் என்று நினைவில்லை. நெடுநேரம் பேசினோம்.

இப்போது எங்கள் வீட்டு நடையில் இரண்டு சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. என் மனைவியின் ரயரில் சின்னக் கீறலைக் கண்டாலும் அன்றைக்கே மாற்றிவிடுகிறேன். வேலை முடிந்தால் அவள் எப்படியும் இங்கேதான் வருவாள்.