பாப்பாக்கா விட்ட காய்

பாப்பாக்காவுக்கு ஐம்பது வயது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். எங்கள் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறாள். நூல் அறுந்தால் மெஷினின் தலையில் குட்டுவாள். ஒழுங்காக ஓடினால் தட்டிக்கொடுப்பாள். அதனால்தான் அந்தப் பெயர். அவள் செய்வதைச் 'சிறுபிள்ளைத்தனம்' என்று சொல்லாத ஆளில்லை. புருஷன், சம்பந்தி, பக்கத்து மெஷினில் இருக்கும் நான்.

அந்தச் சொல் எல்லார் மேலும் ஒட்டாது. சூப்பர்வைசர் கத்தரிக்கோலை விட்டெறிந்தால் அது கண்டிப்பு. மேனேஜர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் அது வேலைப்பளு. கீழே இருப்பவர்கள் செய்தால் மட்டும் சிறுபிள்ளைத்தனம்.

தைத்த சட்டையில் நூல் பிசிறு வெட்டுவது நின்றுகொண்டே செய்யும் வேலை. அங்கே ஒரு பெண் நிறைமாதம். எங்கிருந்தோ ஒரு நாற்காலியை இழுத்துவந்து உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசர் அதைப் பிடுங்கித் தன் அறையில் போட்டுக்கொண்டார்.

"ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பீங்க."

பாப்பாக்கா எழுந்து போனாள். சுண்டுவிரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"சார், உங்களோட காய்."

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். "வயசுக்கேத்த மாதிரி நடந்துக்கம்மா."

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வந்து, காலர் எவ்வளவு முடிந்தது என்று கேட்டார். அவள் மெஷினைப் பார்த்தாள். "மெஷினே, பாதி முடிஞ்சுதுன்னு அவர்கிட்ட சொல்லு."

அவர் என் பக்கம் திரும்பினார். எனக்கு என்ன வந்ததோ, நானும் விரலை நீட்டிவிட்டேன். எனக்குப் பின்னால் பொத்தான் கட்டுபவள், அவளுக்குப் பின்னால் இஸ்திரிக்காரர். சாயங்காலத்துக்குள் அந்த வரிசையில் சூப்பர்வைசரோடு பேச ஆளில்லை. வேலை மட்டும் ஒரு தையல் குறையாமல் நடந்தது.

மறுநாள் அவர் மேனேஜரிடம் போய் நின்றார். கதவு திறந்தே இருந்தது.

"வேலையை நிறுத்திட்டாங்களா?"

"இல்ல சார்."

"எதிர்த்துப் பேசினாங்களா?"

"பேசவே மாட்டேங்கறாங்க சார். காய் விட்டிருக்காங்க."

"என்னய்யா இது, சிறுபிள்ளைத்தனமா கம்ப்ளெய்ன்ட் எடுத்துக்கிட்டு வர்ற?"

வெளியே வந்தவரின் காது சிவந்திருந்தது. நேராகத் தன் அறைக்குப் போய் நாற்காலியைத் தூக்கிவந்து அந்தப் பெண்ணருகே வைத்தார். அவள் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"போதுமா? இனிமேலாவது பேசுவியா?" என்றார் பாப்பாக்காவிடம்.

எங்கள் எல்லாருக்கும் அதுவே பெரிசு. முகம் மலர்ந்துவிட்டோம். பாப்பாக்கா மட்டும் அசையவில்லை. பிசிறு மேஜையில் நின்றுகொண்டிருந்த மற்ற மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு குனிந்தாள்.

"மெஷினே, இன்னும் மூணு பேர் நிக்கறாங்கன்னு அவர்கிட்ட சொல்லு."

சூப்பர்வைசர் நாற்காலி எடுக்கப் போனார்.