உதைக்க முன் ஒரு கும்பிடு

எங்கள் வீட்டு நிலவறையில், அரிசி மூட்டைகளுக்கும் பழைய தையல் இயந்திரத்துக்கும் நடுவே, ஒரு தலைக்கவசம் இருக்கிறது. முகத்துக்கு முன்னால் கம்பி போட்டது. மனைவி அதற்குள் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். காற்றோட்டம் நல்லதாம். பார்க்கிறவர்கள் நான் மோட்டார் சைக்கிள் ஓடினேனா என்று கேட்பார்கள். இல்லை, அமெரிக்கன் ஃபுட்போல் ஆடினேன் என்பேன். அவர்கள் என் உயரத்தைப் பார்ப்பார்கள், வயிற்றைப் பார்ப்பார்கள், பிறகு மரியாதைக்காக வெங்காயத்தைப் பார்ப்பார்கள்.

சிரிக்கட்டும். ஆடினது உண்மை.

ஜேர்மனியில் மார்க் போய் ஐரோக் காசு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஹம் நகரத்து ஓரத்தில் ஒரு தொழிற்சாலையில் எனக்குப் பெட்டி கட்டும் வேலை. வயது முப்பத்தெட்டு. நான் கட்டிய பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டியை ஓட்டியவர் ஒரு டொச்சுக்காரர், அதாவது ஜேர்மன்காரர். நூற்றிருபது கிலோ, சிவந்த தாடி, என்னைவிட இரண்டு வயது மூப்பு. வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவர் எங்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்போல் அணியின் பயிற்சியாளர். அதே அணியின் ஆட்டக்காரரும் அவர்தான். இப்படி இரண்டு வேலையும் பார்ப்பவருக்கு டொச்சில் ஸ்பீலர்ட்ரைனர் என்று பெயர். நாங்கள் சுருக்கமாக ட்ரைனர் என்போம்.

அவருடைய அலுமாரிக் கதவின் உட்புறத்தில் சாமிப் படம் ஒட்டுவது போல ஒரு பழைய படம் ஒட்டியிருந்தார். அமெரிக்காவில் இந்த ஆட்டத்தைச் சம்பளத்துக்கு ஆடத் தொடங்கிய காலத்து அணியொன்று. தோல் தொப்பி, சேறு, உடைந்த மூக்குகள். அவர் டொச்சில் சொன்னதை என் தமிழிலேயே தருகிறேன். அவருக்கு அதுதான் பொருந்தும்.

"நடுவிலை நிக்கிறாரே, இவர்தான் பயிற்சியாளர். முழங்காலைப் பார், எல்லாரையும் விட இவருக்குத்தான் கூடச் சேறு. அந்தக் காலத்திலை கரையிலை நிண்டு கத்துறதுக்கெண்டு தனியா ஒரு ஆள் வைச்சிருக்க வசதி இல்லை. சொல்லிக் குடுக்கிறவர்தான் முதல் அடியும் வாங்கவேணும்."

"இப்ப வசதி வந்திட்டுதோ?" என்று கேட்டேன்.

"அமெரிக்காவுக்கு வந்திட்டுது. ஹம்முக்கு வரேல்லை."

நான் அணியில் சேர்ந்த கதை ஒரு பொய்யில் தொடங்குகிறது. ஒரு மத்தியான இடைவேளையில் அவருடைய முட்டை வடிவப் பந்து முற்றத்தில் உருண்டு என் காலடிக்கு வந்தது. உதைத்தேன். அது சரக்குப் பெட்டகங்களைத் தாண்டி, மதிலையும் தாண்டிப் பக்கத்துத் தொழிற்சாலைக்குள் போய் விழுந்தது. நான் குறி வைத்தது அவருடைய கையை.

"நீ முன்னம் விளையாடினனியோ?"

"ஓம். யாழ்ப்பாணத்திலை பள்ளிக்கூட அணியிலை."

பள்ளிக்கூட அணியில் நான் இருந்தது உண்மைதான். இடைவேளையில் ஆடுகிறவர்கள் சாப்பிடத் தோடம்பழம், அதாவது ஆரஞ்சு, வெட்டினேன். அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்குத் தோள்பட்டைக் கவசம் மாட்டிவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தேன். ஆள் தெரியவில்லை, அலுமாரி ஒன்று நின்றது.

எங்கள் மைதானத்தில் புல் கிடையாது. செங்கல் நிறத் தூள் கொட்டிய தரை. விழுந்தால் தோல் அங்கேயே தங்கிவிடும். சாதாரண உதைபந்துக் கோல் கம்பங்களின் மேல் இரண்டு சாம்பல் நிறத் தண்ணீர்க் குழாய்களைக் கம்பியால் கட்டியிருந்தோம். அந்தக் குழாய்களுக்கு நடுவாகப் பந்தை உதைப்பது என் வேலை. இந்த ஆட்டம் பெரும்பாலும் கையால் ஆடுவது. பந்தைக் கொண்டு ஓட வழியில்லாமல் போகும் போது உதைகாரனைக் கூப்பிடுவார்கள். ஒருவர் முழங்காலிட்டுப் பந்தை ஒரு விரலால் நிமிர்த்திப் பிடிப்பார். நான் ஓடிவந்து உதைக்கவேண்டும். உள்ளே போனால் மூன்று புள்ளி. ஒருவரை அடித்து விழுத்தவும் தேவையில்லை, ஒருவரிடம் அடி வாங்கவும் தேவையில்லை. எனக்கென்றே கண்டுபிடித்த வேலை.

பந்தைப் பிடிப்பவர் ட்ரைனர். அவர் செய்யாத வேலை எதுவும் இல்லை. களத்தில் எல்லாரையும் வட்டமாகக் கூட்டி அடுத்து என்ன செய்வது என்று சொல்வார், சொன்னதைத் தானே முன்னுக்கு நின்று செய்வார், நாலு பேருக்கு அடியில் விழுவார், எழும்பிச் செந்தூளைத் துப்பிவிட்டு அடுத்ததைச் சொல்வார். பெரிய நகரங்களில் அமெரிக்கர்களைச் சம்பளம் கொடுத்து இறக்கிய அணிகள் இருந்தன. எங்களுக்கு அவர் ஒருவர்தான்.

ஒரே ஒரு குறை. அணி தொடங்கி இரண்டு வருடமாகியும் ஒரு ஆட்டம்கூட நாங்கள் வென்றதில்லை. மூன்றாம் வருடத் தொடக்கத்தில் அவர் உடைமாற்றும் அறையில் எங்களை இருத்திச் சொன்னார்:

"இந்த வருசம் ஒண்டாவது வெல்லவேணும். இல்லாட்டி மைதான வாசல் பூட்டின்ரை திறப்பை நகரசபையிட்டைக் குடுத்திட்டு அணியைக் கலைக்கிறன். நான் சொல்லிக் குடுக்கிறது பிழையெண்டால், உங்கடை எலும்பை ஏன் முறிப்பான்?"

அவர் சொன்னால் செய்வார். மழையில் நனைந்த பெட்டியை அடுக்கமாட்டேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு வண்டியை நிறுத்தி இறங்கிப்போன ஆள்.

அந்த வருடமும் தோற்றோம், தோற்றோம், தோற்றோம். பிறகு பீலெஃபெல்ட் பக்கத்தில் ஒரு ஆட்டம் வந்தது. கடைசி நிமிடம், இரண்டு பக்கமும் சமன். குழாய்கள் பக்கத்தில்தான். என்னைக் கூப்பிட்டார்கள். உதைத்தால் வெற்றி.

ஓடி வந்தேன். உதைத்தேன். பந்தை அல்ல. ட்ரைனரின் கையை.

"ஆ!" என்று அவர் கத்தினார். பந்து சரிந்து என் காலடியில் உருண்டது. விசில் ஊதவில்லை, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அதன் மேல் விழுந்து படுத்திருந்தால் போதும், தோல்வி இல்லை. ஆனால் என் கால் ஒரு மனிசன் மேல் பட்டுவிட்டது. நாலு வயதிலிருந்து பழகின உடம்பு தானாகக் குனிந்தது. அவருடைய கையைத் தொட்டு, என் கண்ணில் ஒற்றினேன். ஒற்றினேன் என்றா சொன்னேன்? முகக் கம்பியில் ஒற்றினேன். நிமிர்ந்த போது எதிரணிக்காரன் ஒருவன் பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் அடுத்த முனைக்குப் பாதி வழி போயிருந்தான். தோற்றோம்.

பேருந்தில் ட்ரைனர் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். இரண்டு விரல்கள் மரவள்ளிக் கிழங்கு அளவுக்கு வீங்கியிருந்தன.

"பந்து பக்கத்திலை கிடந்தது. நீ என்ரை கையைத் தடவிக்கொண்டு நிண்டனி. ஏன்?"

விளக்கினேன். எங்களுக்குள் ஒருவர் மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றவேண்டும் என்று. கவனமாகக் கேட்டார்.

"நான் உன்ரை ட்ரைனர் எண்டபடியாலோ?"

"இல்லை. ஆரெண்டாலும்."

"எதிரணிக்காரன் எண்டாலும்?"

"ஓம்."

வீங்கின விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல பழக்கம்," என்றார். "ஆனா அடுத்தமுறை விசில் ஊதினாப் பிறகு செய்."

ஆனால் அதற்குப் பிறகு என்னால் ஒழுங்காக உதைக்கவே ஏலவில்லை. மிச்சம் ஒரே ஒரு ஆட்டம், எங்கள் மைதானத்தில், மூன்று வாரத்தில். பயிற்சியில் அவருடைய கட்டுப்போட்ட விரல்களைக் கண்டாலே என் கால் கூசியது. கையில் படக்கூடாது என்று பந்தின் நெற்றியில் உதைத்தேன். அது நோயாளி மாதிரி உருண்டது. வேறு யாராவது பந்தைப் பிடிக்கட்டும் என்று கெஞ்சினேன். "என்ரை விரல்தானே, உனக்கென்ன?" என்றார். அவர் விரலைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. எனக்குத்தான் அணி முழுவதையும் நான் தனியாளாகக் கலைக்கப் போகிறேன் என்ற கவலை.

நாங்கள் சாமான் வாங்கும் தமிழ்க் கடை அண்ணைக்கும் செய்தி போய்விட்டது. "என்ன தம்பி, எதிரியைக் கும்பிட்டுத் தோத்தனியாம்?"

"எதிரியை இல்லை அண்ணை, எங்கடை ஆளை."

"அது இன்னும் மோசம்."

வீட்டில் குசினிக்குள் நின்று வெறுங்காலை வீசிப் பழகினேன். மனைவி சனிக்கிழமைகளில் ஊரிலுள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் சொல்லிக் கொடுப்பவள். காலைப் பற்றி அவளிடம் பேசினால் தொழில் முறையில்தான் பேசுவாள். கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, உங்கடை காலிலை ஒரு பிழையும் இல்லை. மன்னிப்புக் கேக்கிற நேரம்தான் பிழை."

"அதெப்பிடி?"

"நாங்கள் ஆடத் தொடங்க முதலே பூமியைத் தொட்டுக் கண்ணிலை ஒத்திடுவம். உன்னை மிதிக்கப் போறன், பொறுத்துக்கொள் எண்டு. பிறகு ரெண்டு மணித்தியாலம் போட்டு மிதிப்பம். ஆராவது நடுவிலை நிண்டு குனிஞ்சு மன்னிப்புக் கேட்டவையே? மேடையிலை அப்பிடிச் செய்தால் நான் அடிப்பன்."

"அப்ப முதலே கேக்கட்டோ?"

"கேளுங்கோ. கேட்டுட்டு உதையுங்கோ. உங்கடை கால் பட்டால் என்ன படாட்டி என்ன, கணக்கு முடிஞ்சுது."

நாலு பல்கலைக்கழகத்தில் படித்தாலும் இப்படி ஒரு தீர்வு கிடைத்திருக்காது. வெட்கத்தில் அவளிடம் அதைச் சொல்லவில்லை. வெங்காயத்துக்கு எரிந்த மாதிரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கடைசி ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காய்ந்த செந்தூள் காற்றில் பறந்தது. மனைவி சொல்லி, கடை அண்ணையும் வந்திருந்தார், கோயிலுக்குப் போகும் சட்டையோடு. இடைவேளையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் விமர்சனம் சொன்னார்:

"இதென்ன விளையாட்டடா. அரை நிமிசம் ஓடுறாங்கள், பிறகு வட்டமா நிண்டு கூட்டம் போடுறாங்கள். எங்கடை தமிழ்ச் சங்கக் கூட்டம் மாதிரி. ஆனா இவங்கள் கூட்டம் முடியக் கொஞ்சமெண்டாலும் ஓடுறாங்கள்."

"ட்ரைனர் எப்பிடி அண்ணை?"

"அந்தத் தாடிக்காரனோ? அவன்தான் தலைவர், கூட்டத்துக்குக் கதிரை அடுக்கிறவனும் அவன்தான். அப்பிடி ஒருத்தன் எங்களிட்டை இருந்தால் நானும் சங்கத்திலை சேருவன்."

கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால். அந்த ஒரு புள்ளியும் என்னாலேயே போனது. பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்த்தால் மேலதிகமாக ஒரு புள்ளிக்கு உதைக்க விடுவார்கள்; முன்னர் அப்படி நான் உதைத்த பந்து குழாயில் பட்டு வெளியே துள்ளியிருந்தது. ட்ரைனர் பந்தைத் தானே கட்டிப்பிடித்துக்கொண்டு கடைசியாக ஒரு ஓட்டம் ஓடினார். மூன்று பேர் அவர் மேல் தொங்க, கட்டுப்போட்ட கையோடு, ஒரு பாரவண்டி மேட்டில் ஏறுவது போல ஆறு மீற்றர் ஏறி விழுந்தார். எழும்பி என் பக்கம் கையைக் காட்டினார்.

வட்டத்தில் அவர் சொன்னது ஒன்றுதான்: "உதை."

அவர் முழங்காலிட்டார். நான் என் இடத்துக்குப் போகாமல் நேரே அவரிடம் போய்க் குனிந்தேன். பந்தை வைப்பதற்கு நேரம் எண்ணுகிற ஆட்டம் இது. நடுவர் கை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன செய்யிறாய்?" என்று ட்ரைனர் பல்லுக் கவசத்துக்குள்ளால் கேட்டார். "நீ இன்னும் உதைக்கவேயில்லை!"

"அதுதான் இப்ப செய்யிறன்."

கட்டுப்போட்ட விரல்களைத் தொட்டேன். கம்பிக்குள்ளே விரலை விட்டுக் கண்ணில் ஒற்றினேன், முறையாக, இரண்டு கண்ணிலும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ, உங்களை உதைச்சாலும் உதைப்பன் என்று மனதுக்குள் சொன்னேன். அவருக்குப் பட்டென்று விளங்கியது. தாடிக்குள் சிரித்தார்.

"சரி, கெதியாப் போ!"

எதிரணியில் ஒருவன் நான் அழுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். ஓடிப் போய் என் இடத்தில் நின்றேன். பந்து வந்தது, அவர் நிமிர்த்தினார், நான் அவர் கையைப் பார்க்கவேயில்லை. பார்க்க வேண்டியதில்லை, அந்த விசயம் முடிந்துவிட்டது. உதைத்தேன்.

அழகான உதை என்று பொய் சொல்லமாட்டேன். தோடம்பழம் வெட்டினவனின் உதைதான். பந்து தள்ளாடித் தள்ளாடிப் போனது, குறுக்குக் கம்பத்தின் மேல் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டியது, பிறகு அந்தப் பக்கமாக விழுந்தது. நடுவர் இரண்டு கையையும் தூக்கினார். வேலிக்கு அப்பால் கடை அண்ணை, விதி ஒன்றும் தெரியாமலே, கோயில் சட்டையோடு செந்தூளில் குதித்ததைக் கண்டேன்.

திறப்பு நகரசபைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் நாலு வருடம் ஆடினோம். இன்னும் பல ஆட்டம் தோற்றோம், சிலது வென்றோம். ஒவ்வொரு உதைக்கு முன்னும் நான் குனிந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை அமெரிக்காவில் இருந்து வந்த உத்தி என்று நம்பினார்கள். ட்ரைனர் ஒருவரையும் திருத்தவில்லை.

எனக்குப் பெருமை அந்த உதையில் மட்டும் இல்லை. அந்த ஞாயிறு எல்லாரும் ஓடிவந்து என் மேல் விழுந்தார்கள். கடைசியாக ட்ரைனர் வந்தார். என்னை அப்படியே தூக்கிச் சுற்றி இறக்கிய போது நூற்றிருபது கிலோவோடு, அடியில் குமிழ் வைத்த சப்பாத்தோடு, என் வலது காலை மிதித்துவிட்டார். பெருவிரல் நகம் பிறகு கறுத்துக் கழன்றது. நான் கத்தினேன். அவர் என் காலைப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பைச் சிரமப்பட்டு மடித்துக் குனிந்து, கட்டுப்போட்ட விரல்களால் என் சப்பாத்தைத் தொட்டு, கண்ணில் ஒற்றப் போனார்.

தலைக்கவசத்தைக் கழற்ற மறந்துவிட்டார். விரல்கள் டங்கென்று கம்பியில் இடித்தன. வலியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு கவசத்தைக் கழற்றிவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து குனிந்தார்.